வேலை, வீடு, குரூப் 4: வாரத்துக்கு 11 மணி நேரம் எங்கிருந்து வரும்?

கேட்கப்பட்ட கேள்வி இது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, காலை 9 முதல் மாலை 6 வரை, சனிக்கிழமையும் உண்டு. பஸ்ஸில் போக வர இரண்டு மணி நேரம். மூன்றாவதும் ஆறாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், கணவர், மாமியார். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுத வேண்டும், படிக்க நேரமே இல்லை, எல்லோரும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படி என்கிறார்கள், எழுந்தால் ஆபீஸில் கண் சொக்குகிறது, ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் சேரலாமா, எப்படித்தான் நேரத்தைத் திட்டமிடுவது?

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறவர்களோடு வருடக்கணக்காகப் பழகி வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 4 மணியை விட்டுவிடுங்கள். இரவு 9 மணிக்குப் படுக்க முடிகிறவருக்கு அது நல்ல யோசனை, ரூம் எடுத்துத் தங்கி முழு நேரமும் படிக்கிற பையன்களுக்கும் சரி. பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு கரைத்து வைத்து, 11 மணிக்குப் படுக்கிற ஒருவரை 4 மணிக்கு எழுப்பினால் 5 மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை, தவிர, பகலில் படித்தது மனதில் தங்குவதற்கே தூக்கம் தேவைப்படுகிறது. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது என்பது படிக்கிற நேரத்தைக் கூட்டி, படித்தது நிற்பதைக் குறைத்துக்கொள்வதுதான். நீங்கள் சோம்பேறி என்பதால் உங்களால் எழுந்திருக்க முடியாமல் போகவில்லை, கணக்கே இடிக்கிறது.

கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், எனவே கணக்காகவே பார்ப்போம். ஒரு நாளை வைத்துப் போட்டால் சரியாக வராது, ஏனென்றால் திங்கள் வேறு, ஞாயிறு வேறு. வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 168 மணி நேரம். தூக்கம் 7 மணி வீதம் 49. ஆபீஸ் 9 மணி வீதம் ஆறு நாளைக்கு 54. பஸ் 12. சமையல், துணி, பிள்ளைகள், கடை கண்ணி என்று நாளைக்கு 5 மணி வைத்தால் 35. குளியல், சாப்பாடு, கிளம்புவது, சற்றே உட்கார்ந்து காபி குடிப்பது எல்லாம் சேர்த்து நாளைக்கு 2 வைத்தால் 14. கூட்டினால் 164. மிச்சம் 4 மணி நேரம், அதுவும் ஒரே துண்டாக இல்லை, அங்கே பத்து நிமிடம் இங்கே பத்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கிறது. நேரமே இல்லை என்று நீங்கள் சொன்னது சாக்கு இல்லை, உண்மை. இந்த நிலைமையில் இருப்பவரிடம் போய் மொபைலைக் குறை, மனசு வைத்தால் நேரம் கிடைக்கும் என்று சொல்வது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

ஆனால் அந்த 35 என்ற எண்ணைப் பாருங்கள், நாம் கை வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். 2024ஆம் ஆண்டு மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேலே. 2019 கணக்கெடுப்பில் இது 299க்கு 97 என்று இருந்தது, ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே தவிர இடைவெளி அப்படியேதான் நிற்கிறது. இதை யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் நேரத் திட்டம் ஒரு டைரியில் நீங்கள் தனியாக உட்கார்ந்து போடுகிற திட்டமாக இருக்க முடியாது, அது வீட்டில் நான்கு பேரோடு பேசி முடிக்க வேண்டிய காரியம் என்பதற்காகச் சொல்கிறேன். நேர மேலாண்மை பற்றிச் சொல்லப்படுகிற பெரும்பாலான யோசனைகள், தன் நேரம் தன் கையில் இருக்கிறவருக்கானவை. அதனால்தான் அவற்றைப் படித்துவிட்டுச் செய்ய முடியாமல் நம் மீதே நமக்கு வெறுப்பு வருகிறது.

எவ்வளவு கேட்க வேண்டும்? ஒரு நாளைக்கு ஒரு மணி நேர வேலை கைமாறட்டும். வாரத்துக்கு 7 மணி. இதில் பாதி படிப்புக்கு, மீதிப் பாதி உங்களுக்கு மூச்சு விட.

கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. "கொஞ்சம் கூடமாட உதவி செய்யுங்க" என்று கேட்டால் இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் நின்றுவிடும். வேலையைத் துண்டாக இல்லாமல் முழுதாகக் கொடுங்கள். உதாரணமாக, பிள்ளைகளைக் காலையில் தயார் செய்வது என்றால் எழுப்புவதிலிருந்து, யூனிஃபார்ம் எடுத்து வைப்பது, டைரியில் கையெழுத்துப் போடுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, வேனில் ஏற்றுவது வரை எல்லாமே கணவருடையது. ஷூ சாக்ஸ் எங்கே என்று அவர் உங்களைக் கேட்டால் அந்த வேலை இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். முதல் ஒரு வாரம் தலைவாரல் கோணலாக இருக்கும், ஒரு நாள் நோட்டை மறந்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் நீங்களே திரும்ப வாங்கிக்கொள்கிற இடத்தில்தான் பலருடைய திட்டம் முதல் மாதத்திலேயே முடிந்துபோகிறது.

மாமியாரிடம் நேரம் குறித்துக் கேளுங்கள். "அத்தை, ஆறு மணி வரைக்கும் நான் படிக்கிறேன், பால் மட்டும் நீங்க காய்ச்சிடுங்க, ஆறு மணிக்கு வந்து அடுப்பைப் பார்த்துக்கிறேன்" என்றால் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியும். இந்தத் தேர்வு இன்ன மாதம் நடக்கிறது, அது முடிகிற வரைக்கும்தான் இந்த ஏற்பாடு என்று எல்லை சொன்னால் வயதானவர்கள் பெரும்பாலும் ஒத்துவருகிறார்கள். ஆறாவது படிக்கிற பிள்ளைக்குத் தன் தட்டைக் கழுவத் தெரியும், துணி மடிக்கத் தெரியும், தம்பியோ தங்கையோ வாய்ப்பாடு சொன்னால் சரிபார்க்கவும் தெரியும்.

இப்போது அந்த 11 மணி நேரம். காலை 5.15 முதல் 6 வரை, ஆறு நாள், நாலரை மணி நேரம். இதற்கு இரவு 10.15க்குப் படுத்தாக வேண்டும், ஆகவே ராத்திரி அடுப்படி வேலையை 9.30க்கு மூடிவிடுவதுதான் இந்தத் திட்டத்தின் ஆணிவேர், காலை அலாரம் அதற்கப்புறம்தான். ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் 20 நிமிடம், வாரத்துக்கு 2 மணி. மாலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது அதே மேசையில் நீங்களும் புத்தகத்தோடு உட்காருங்கள், அரை மணி வீதம் மூன்று நாள், ஒன்றரை மணி. ஞாயிறு காலை 3 மணி. மொத்தம் 11. காலையும் ஞாயிறும் சேர்ந்த ஏழரை மணி, முன்பு மிஞ்சிய 4 மணியும் கைமாறிய 7இல் பாதியும் சேர்ந்தது, மதியம் ஆபீஸ் நேரத்துக்குள்ளும் மாலை பிள்ளைகளுக்கான நேரத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. பஸ் நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. நின்றுகொண்டு போகிற டவுன் பஸ்ஸில் படிக்கலாம் என்று கணக்கில் எழுதிவிட்டு அப்புறம் நடக்கவில்லை என்று வருந்துவதைவிட, கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் குறிப்புகளை உங்கள் குரலிலேயே மொபைலில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், நூல்களும் ஆசிரியர்களும், சட்டத் திருத்தங்களும் ஆண்டுகளும், எதிர்ச்சொல், பிரித்து எழுதுக என்று ஒரு பதிவுக்கு ஐந்தாறு நிமிடம். கேள்வியைச் சொல்லி, சில நொடி இடைவெளி விட்டு, அப்புறம் விடையைச் சொல்கிற மாதிரி பதிவு செய்தால் அந்த இடைவெளியில் மனசு தானாகப் பதில் தேடும்.

எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்பது, எவ்வளவு நேரம் படிப்பது என்பதற்குச் சமமான விஷயம். குரூப் 4 தேர்வில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், அதாவது ஒரு கேள்விக்கு 54 நொடி. இதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150க்கு 60 எடுத்தால்தான் மற்றப் பகுதியையே திருத்துவார்கள். ஆகவே காலை 45 நிமிடம் தலை தெளிவாக இருக்கும்போது கணக்கும் இலக்கணமும். சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி (HCF), மீச்சிறு பொது மடங்கு (LCM), தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, காலமும் வேலையும் இவையெல்லாம் உங்களுக்கு ஆபீஸ் பழக்கத்தால் சீக்கிரம் கைகூடும், மற்றவர்கள் பயந்து விட்டுவிடுகிற 25 கேள்வி உங்கள் சொத்து. மதியம் 20 நிமிடத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பழைய வினாத்தாளிலிருந்து 15 கேள்வி, அவ்வளவுதான். மாலையில் பிள்ளைகளோடு உட்காரும்போது இடையில் நான்கு தடவை எழுந்திருக்க வேண்டிவரும், அதனால் அங்கே சமூக அறிவியல் பாடப்புத்தகம். ஆறாவது படிக்கிற பிள்ளையின் புத்தகமே உங்களுக்குப் பாடம், ஆறு முதல் பத்து வரை மீதிப் புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படிக்கிற முறையால் நேரம் மிச்சமாவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்களைப் போலக் குறைந்த நேரம் உள்ளவருக்கு இது உயிர்நாடி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களும், ஒரு முறை படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ஒரே அளவு நேரம்தான், பலன்தான் வேறு. எனவே பாடத்தை மூன்று தடவை வாசிக்கிற, மஞ்சள் பேனாவால் கோடு போடுகிற நேரத்தை அப்படியே வெட்டிவிடுங்கள். ஒரு தடவை வாசிப்பு, மூடி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ஞாபகம் வந்ததை எழுதுவது, விட்டுப்போனதை மட்டும் பார்ப்பது.

டெலிகிராம் குழுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிடிஎஃப் இறக்கி வைப்பது படிப்பு இல்லை. ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம் போதும், நடப்பு நிகழ்வுகளுக்கு வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போதும், மற்றக் குழுக்களிலிருந்து இன்றைக்கே வெளியேறிவிடுங்கள்.

இனி திட்டம் ஏன் உடைகிறது என்ற விஷயம். நாம் எல்லோருமே ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994இல் கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் உங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி 33.9 நாள், உண்மையில் ஆனது 55.5 நாள். பிள்ளை குட்டி இல்லாத மாணவர்களுக்கே அப்படி. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஆபீஸில் மாதக் கடைசியில் கணக்கு முடிக்க எட்டு மணியாகும், மார்ச் மாதம் முழுக்க ஆண்டுக் கணக்கு, ஆவணியிலும் தையிலும் கல்யாணப் பத்திரிகைகள் வரிசை கட்டும், ஊர்த் திருவிழாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. இவற்றையெல்லாம் தடங்கல் என்று நினைத்தால் ஒவ்வொரு தடவையும் மனசு உடையும். முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிட்டால் அவையும் திட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். ஒரு பாடத்துக்கு நாலு நாள் என்று தோன்றினால் ஆறு நாள் எழுதுங்கள். வாரத்தில் ஒரு காலை நேரத்துக்கு, புதன்கிழமை என்று வையுங்கள், எந்தப் பாடமும் ஒதுக்காதீர்கள். திங்கள் செவ்வாயில் விட்டுப்போனது அங்கே வந்து உட்காரும். எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் அன்றைக்கு அந்த முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். இப்படியெல்லாம் போனாலும் வாரத்துக்கு 9 மணி நேரம் கைக்கு வரும், 40 வாரத்தில் 360 மணி. பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுக்கு, மூடி வைத்து எழுதிப் பார்க்கிற முறையில், கவனமாகப் படித்த 360 மணி நேரம் நல்ல மூலதனம்.

இதனால்தான் அறிவிப்பு வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கக் கூடாது. 2025இல் குரூப் 4 அறிவிப்பு ஏப்ரல் 25இல் வந்தது, தேர்வு ஜூலை 12இல் நடந்தது, நடுவில் 11 வாரம்தான். முழு நேரமும் படிக்கிறவருக்கு அது போதலாம். உங்கள் 9 மணிக் கணக்கில் அது வெறும் 100 மணி நேரம். தேர்வாணையம் வெளியிடுகிற ஆண்டு அட்டவணையில் தேதியைப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணி, இந்த வாரமே தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு உறுதி எடுப்பதைவிட, ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவது நன்றாக வேலை செய்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார்: இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன் என்று இடமும் நேரமும் சேர்த்து முடிவு செய்தவர்கள், வெறுமனே செய்வேன் என்றவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்ததும் ஹாலில் ஜன்னல் பக்கத்து நாற்காலி. டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் 15 கேள்வி. ராத்திரியே புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனாவை மேலே வைத்துவிட்டுப் படுத்தால், எதைப் படிக்கலாம் என்று யோசிப்பதிலேயே போகிற முதல் பத்து நிமிடம் மிச்சமாகும்.

அப்புறம், புத்தகத்தைத் திறந்ததும் இ.பி. பில் கட்டினோமா, கேஸ் புக் செய்ய வேண்டுமே, வேன் ஃபீஸ் என்ன தேதி என்று வரிசையாக வரும் இல்லையா, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. வந்ததை எழுதி, எப்போது செய்யப் போகிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள், "கேஸ், மதியம் 1.30" என்கிற மாதிரி. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்கு ஒரு நேரம் குறித்துவிட்டாலே அந்த அரிப்பு அடங்குகிறது என்று 2011இல் ஒரு ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்திருக்க வேண்டியதுகூட இல்லை.

கடைசியாகக் கோச்சிங். ஞாயிற்றுக்கிழமை முழு நாள் வகுப்பு என்றால் போக வர சேர்த்து 8, 9 மணி நேரம் போகும். வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற மொத்தப் படிப்பு நேரமே அவ்வளவுதான், அதோடு பிள்ளைகளோடு இருக்கிற ஒரே நாளும் போய்விடும், திங்கட்கிழமை களைப்போடு தொடங்கும். வகுப்பில் உட்கார்ந்து கேட்பதும் ஒரு வகையில் திரும்பப் படிப்பதுதான், நினைவிலிருந்து எடுத்து எழுதுவதை வீட்டுக்கு வந்து நீங்கள்தான் செய்ய வேண்டும், அதற்கு நேரம் இருக்காது. எனவே வகுப்பு வேண்டாம், மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் வாங்குங்கள், பல மையங்கள் அதைத் தனியாகவே தருகின்றன. முதல் மூன்று மாதத்துக்கு ஞாயிறு 3 மணி நேரத்தில் அந்த வாரப் பாடங்களைத் திருப்புதல். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழுத் தேர்வு, உண்மையான தேர்வு நடக்கிற அதே 9.30 முதல் 12.30 வரை, ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்பி. வீட்டில் சத்தமாக இருந்தால் மாவட்ட மைய நூலகத்துக்கோ, பக்கத்தில் திறந்திருக்கிற கிளை நூலகத்துக்கோ போய்விடுங்கள், அன்றைக்குக் காலைச் சமையலும் பிள்ளைகளும் கணவர் பொறுப்பு என்று முந்தைய வாரமே பேசி வைத்துவிட்டு. கணக்கில் மட்டும் ஏதாவது ஒரு தலைப்பு எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், அந்த ஒரு தலைப்புக்கு மட்டும் யாரிடமாவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், உங்கள் ஆபீஸிலேயே அப்படி ஒருவர் இருப்பார்.